மாலையில் வீடு சென்ற பாடம்

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாலை வேளையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் கலைந்து செல்லுமுன் வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். ஒருவனுக்கு ஒரு பூவின் பெயர். மற்றொருவனுக்கு ஒரு பறவையின் பெயர். இன்னொருவனுக்கு ஓர் ஊரின் பெயர். அதை மறவாமல் வைத்திருந்து மறுநாள் காலையில் வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். நினைவாற்றலை வளர்ப்பதே இதன் நோக்கம். ஆயினும் இதனால் வேறொரு பயனும் விளைந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஐந்து வயதுச் சிறுவன் ஒரு சொல்லை இரவு முழுவதும் எவ்வாறு காப்பாற்றுவான்? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போவான். வீட்டில் தாயிடம் சொல்லி வைப்பான். விடிந்ததும் மறந்துபோனால் அவளையே கேட்பான். எழுதப் படிக்கத் தெரியாத தாயாக இருந்தாலும், அன்று தன் மகன் பள்ளியில் பெற்ற சொல் இன்னதென்று அவள் அறிந்திருப்பாள்.

நம் தொடக்கப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரை எண்ணிப் பார்க்கிறோம். தம் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதை அவர்கள் அறிவர். ஆசிரியர் நல்லவரா கண்டிப்பானவரா என்பதையும் அறிவர். இந்த வாரம் அப்பிள்ளை என்ன கற்றது என்று கேட்டால் பலரும் விழிக்கின்றனர். இது அவர்கள் குற்றமா? அன்று எழுத்தறியாத தாய் அறிந்திருந்ததை இன்று பத்தாம் வகுப்பு வரை படித்த தாயும் அறியாதிருப்பது எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவோடு நம் கல்வி வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

சவேரியாரின் மணியோசை

தமிழகத் திருச்சபைக்கு இவ்வரலாறு முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களின் துணையோடு முதன்மையான செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊர்களின் தெருக்களில் நடந்தார். மணியோசை கேட்டுச் சிறுவர்கள் ஓடி வந்தனர். நாளுக்கு இருமுறை அவர்களைக் கூட்டிச் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடலில் அவர் இவற்றையெல்லாம் விவரிக்கிறார். நம் கருத்தைக் கவரும் செய்தி ஒன்று அதில் உண்டு. சிறுவர்கள் தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டார் அனைவர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் பணித்திருந்தார். பகலில் கோவிலருகே கேட்ட செபம் மாலையில் குடிசைக்குள் ஒலித்தது. தந்தை வலையைச் சீர்செய்துகொண்டே கேட்டிருக்கலாம். தாய் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கலாம். நன்றாகத் தமிழ் பேச அறியாத அந்தத் துறவி, தம்மால் நுழைய இயலாத வீடுகளுக்குள் பிள்ளைகளின் நாவினால் நுழைந்தார்.

அன்றைய கற்பித்தல் பெரும்பாலும் மனப்பாடமே. பொருளுணர்ந்து கற்றல் பின்னால்தான் வரவேண்டியிருந்தது. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கற்றது வீடு சேர வேண்டும் என்ற எண்ணம் நம் மறைக்கல்வியின் தொடக்கத்திலேயே இருந்தது. பின்னாளில் உபதேசியார்கள் ஊர்தோறும் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தபோதும், இரவுச் செப வேளையில் பிள்ளை சொல்லத் தாய் திருத்துவது நம் குடும்பங்களின் மரபாயிற்று.

தெருவுக்குக் கேட்ட பள்ளி

திண்ணைப் பள்ளியும் மறைவிடமன்று. பெயரே சொல்வது போல அது தெருவைப் பார்த்த திண்ணையில் நடந்தது. மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பிள்ளைகள் கற்றனர். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர்கள் பின்னே சொன்னார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் தெருவில் போவோர் வருவோர் காதிலெல்லாம் விழுந்தன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் நூலில் தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளியை நினைவுகூரும் பகுதிகளைப் படிப்போர்க்கு அந்த ஓசை இன்றும் கேட்கும்.

அங்குக் கற்ற கணக்கும் ஊரார் அறிந்த கணக்கே. முந்திரி, காணி, மா என்னும் பின்னங்களும், ஆழாக்கு, உழக்கு, நாழி, மரக்கால் என்னும் முகத்தலளவைகளும் களத்திலும் கடையிலும் நாள்தோறும் புழங்கியவை. எழுத்தறியாத உழவரும் தம் மகனைக் களத்துமேட்டில் நிறுத்தி, இத்தனை மரக்கால் நெல்லில் கூலி போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டுவிட முடியும். விடை சரியா தவறா என்பது அவருக்குத் தெரியும். இப்பள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்து 2022-இல் ஆங்கில நூல் வெளியிட்ட செந்தில் பாபு, பள்ளிக்கணக்கு ஊரின் தொழில்களோடும் அளவைகளோடும் பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டுகிறார். பிள்ளையைச் சோதிக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. பெற்றோரும் உற்றாருமே சோதித்தனர்.

வாத்தியாரின் பிழைப்பும் பெற்றோரைச் சார்ந்தே இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச் 10 அன்று அவர் எழுதிய குறிப்பின்படி 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. வாத்தியார்களுக்கு மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்றும் அவர் வருந்தினார். அது பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த பணம். சென்னை நகரில் மட்டும் 26,963 பிள்ளைகள் வீட்டிலேயே கற்பதாக அக்கணக்கு கூறியது. மன்றோவே இவ்வெண்ணில் பிழையிருக்கலாம் என்று ஐயுற்றார். எண் எதுவாயினும், கற்றல் என்பது வீட்டுக்கும் உரிய செயல் என்று அன்றைய சமூகம் கருதியது தெளிவாகிறது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் கடந்து செல்லலாகாது. திண்ணை என்பது யாரோ ஒருவருடைய வீட்டின் திண்ணை. அதில் ஏற எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை இருந்ததில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அக்கதவு அடைத்தே இருந்தது. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே பயின்றனர். ஆகவே அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுவது நம் கருத்தன்று. எல்லார்க்கும் பள்ளியைத் திறந்துவைக்க மறைப்பணியாளரும் பின்னர் அரசும் செய்த முயற்சிகள் அறத்தின்பாற்பட்டவை. ஆனால் கதவு அகலத் திறந்தபோது வேறொன்று நம் கையை விட்டு நழுவியது.

எழும்பூரும் ஆய்வாளரும்

அந்த நழுவல் எங்கே தொடங்கியது என்று தேடினால் ஒரு வியப்பான செய்தி கிடைக்கிறது. சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கென ஓர் அனாதை இல்லம் இருந்தது. 1789 முதல் அதை நடத்திய ஆங்கிலிக்கன் குரு ஆண்ட்ரூ பெல், ஒரு நாள் நம் ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அதனோடு சேர்த்துத் தம் இல்லத்தில் வளர்த்தார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

நம் திண்ணையிலிருந்து மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து சென்றதை நாம் பெருமையோடு பேசுவதுண்டு. ஆனால் எது செல்லவில்லை என்பதையும் காண வேண்டும். பெல் அம்முறையை வளர்த்த இடம் அனாதை இல்லம். அங்கிருந்த பிள்ளைகள் பலருக்குத் தந்தை ஐரோப்பியர். தாய் இந்நாட்டுப் பெண். அத்தாய்மாரின் பழக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பிரித்து வளர்ப்பது அந்த இல்லத்தின் நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது. ஆகவே திண்ணையின் கற்பித்தல் முறை சென்றது. திண்ணைக்கு எதிரே நின்று கேட்ட தாய் செல்லவில்லை. பெற்றோர் இல்லாமலே பள்ளி இயங்கும் என்ற எண்ணம் அம்முறையோடு கூடவே பயணம் செய்தது.

1854-இல் வெளிவந்த சார்லஸ் வுட் என்பாரின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி செய்தது. நம் மறைமாவட்டங்களின் பள்ளிகள் பல தழைத்தோங்கியது இம்மானியத்தால்தான், அந்நன்றியை மறவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், தேர்வில் பிள்ளைகள் பெறும் வெற்றியைக் கணக்கிட்டு மானியம் தரும் முறையும் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார். அவர் குறித்துக்கொண்டு போவதைப் பொறுத்து ஆசிரியரின் ஊதியமும் பள்ளியின் வாழ்வும் அமைந்தன.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். முன்பு பிள்ளை கற்றதைக் கேட்பவர் தாய். இப்போது கேட்பவர் ஆய்வாளர். முன்பு ஆசிரியர் முகம் பார்த்தது பெற்றோரை. இப்போது அவர் எதிர்பார்ப்பது ஆய்வாளரின் வருகையை. பாடம் அச்சிட்ட புத்தகத்துக்குள் சென்றது. எழுத்தறியாத பெற்றோர்க்கு அப்புத்தகம் மூடிய பெட்டியாயிற்று. பள்ளியும் திண்ணையிலிருந்து இறங்கிச் சுற்றுச்சுவருக்குள் குடிபுகுந்தது. யாரும் பெற்றோரை விரட்டவில்லை. ஆயினும் அவர்கள் கேட்பதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று.

இருவகை அழைப்புகள்

விடுதலைக்குப் பின் பெற்றோரைக் கல்வியோடு இணைக்க இரு பெரும் முயற்சிகள் நம் மாநிலத்தில் நடந்தன. இரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை.

முதலாவது 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பிள்ளைகள் நாளின் ஒரு பாதியில் பள்ளியில் பயில வேண்டும். மறு பாதியில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. பார்வைக்குப் பெற்றோரை ஆசிரியராக்கும் திட்டமாகவே தோன்றும். ஆனால் சலவைத் தொழிலாளியின் மகன் சலவைத் தொழிலாளியாகவே நிற்க இது வழிசெய்யும் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளையை வீட்டின் தொழிலுக்குள் அடைத்துவிடுவது பெற்றோரைக் கல்வியில் பங்கேற்கச் செய்வதாகாது. பெற்றோர் விரும்பியது தம் பிள்ளை தம்மைக் கடந்து செல்வதையே.

இரண்டாவது முயற்சி காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் ஊக்கத்தால் நடந்தது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் பரவலாயிற்று. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. ஊரார் தாமே முன்வந்து நிலமும் கட்டடமும், கரும்பலகையும் நாற்காலியும், கடிகாரமும் தேசப்படமும் அளித்தனர். ஏழை மக்கள் பள்ளியைத் தம்முடையது என்று கொண்டாடிய அக்காலத்தை எண்ணினால் இன்றும் உள்ளம் குளிர்கிறது.

அம்மாநாடுகளின் பெருமையைக் குறைக்காமலே ஒன்றைக் கூறலாம். பெற்றோர் அங்கே கொடையாளராக வந்தனர்; கரும்பலகையைக் கொடுத்தனர். அக்கரும்பலகையில் நாளை என்ன எழுதப்படும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டதா? அன்று தொடங்கி, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றாலே கட்டட நிதியும் சுற்றுச்சுவரும் குடிநீர்த் தொட்டியும்தான் என்ற வழக்கம் நம்மிடையே ஊன்றிவிட்டது.

திருச்சபையின் குரல்

இக்காலங்களில் திருச்சபை மௌனமாக இருக்கவில்லை. 1929-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கல்வி பற்றிய தம் சுற்றுமடலில், பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் உரிமையும் கடமையும் அரசுக்கு முன்பே குடும்பத்துக்கு உரியவை என்று நிலைநாட்டினார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று போதித்தது.

1983-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதை நடைமுறைக்கு இறக்கிவைத்தது. அதன் 796-ஆம் சட்டம் பள்ளியைப் பெற்றோர்க்குக் கிடைத்த முதன்மையான துணை என்கிறது. பெற்றோர் ஆசிரியரோடு ஒத்துழைக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரோடு நெருங்கி உழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், பெற்றோர்க்கான சங்கங்களையோ கூட்டங்களையோ அமைத்து அவற்றை உயர்வாக மதிக்க வேண்டும் என்று பணிக்கிறது.

நாட்டின் சட்டமும் இவ்வழியில் வந்தது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றது. பெற்றோரை முறையாகக் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக அதன் 24-ஆம் பிரிவு வகுத்தது. 2012-இல் வந்த திருத்தம், சிறுபான்மையினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அக்குழு ஆலோசனை மட்டுமே கூறும் என்றது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிய ஐயம் 2025-இல் அதே நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டது. வழக்கு எவ்வாறு முடிந்தாலும் நமக்கு ஒன்று தெளிவு. நம் உரிமைகளைக் காக்க நீதிமன்றம் செல்லும் நாம், பெற்றோர்க்குச் செவிசாய்க்கும் கடமையிலிருந்து விலக்குக் கேட்க முடியாது. அக்கடமையை நம் மீது சுமத்தியது அரசன்று, நம் திருச்சபை.

நம் கணக்கில் உள்ள கடன்

இவ்வளவும் எழுதும் நாம் இக்கடமையைச் செய்தோமா? பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் பல ஆண்டுகளுக்கு முன் பணியாற்றினோம். பங்கின் தொடக்கப் பள்ளிக்கு நாமே தாளாளர். பெற்றோர் கூட்டம் ஒன்றில் வகுப்பறைக் கூரையை மாற்ற நன்கொடை கேட்டுப் பேசி முடித்தோம். எல்லாரும் எழுந்து செல்லும் வேளையில் ஒரு தாய் மட்டும் தேர்ச்சி அட்டையோடு தயங்கி நின்றார். அவருடைய மகள் அப்போது நான்காம் வகுப்பில் படித்தாள்.

"சாமி, இதுல எம்பிள்ள நல்லா படிக்குதுன்னு எழுதியிருக்கா, படிக்கலன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

அட்டையை மேலோட்டமாகப் பார்த்தோம். "தேர்ச்சின்னுதான் போட்டிருக்கு. அதெல்லாம் டீச்சர் பாத்துக்குவாங்கம்மா. நீங்க பிள்ளைய தவறாம அனுப்புங்க, அது போதும்" என்றோம். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு அச்சிறுமி புதுநன்மை வாங்க ஆயத்தமானாள். செபங்களையெல்லாம் பிழையின்றிச் சொன்னாள். பத்துக் கற்பனைகளைச் சொன்னாள். மகிழ்ந்துபோய்ச் செபப் புத்தகத்தைக் கொடுத்து, நடுவில் ஒரு வரியைச் சுட்டி, இங்கிருந்து வாசி என்றோம். அவள் செபத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். வேறொரு பக்கத்தைக் காட்டினோம். பேசாமல் நின்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டவும் தெரியவில்லை. செபங்களை யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டோம். "அம்மா" என்றாள். பீடி சுற்றிக்கொண்டே அம்மா ஒவ்வொரு செபமாகச் சொல்லச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லிக் கற்றிருக்கிறாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. எழுத்தறியாத அத்தாய் நல்ல ஆசிரியை. எந்தப் பாடம் அவர் கையில் கொடுக்கப்பட்டதோ அந்தப் பாடத்தில் மகள் குறையின்றித் தேறியிருந்தாள். பள்ளிப் பாடத்தை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. கேட்டு வந்தபோதும் நாம் அனுப்பிவிட்டோம். மூன்று ஆண்டுகள் அவர் வைத்த கைநாட்டு, தமக்குச் சொல்லப்படாத ஒன்றுக்கு வைத்த சாட்சி. கூரை மாறியது உண்மை. அதன் கீழ் ஒரு பிள்ளை வாசிக்கக் கற்காமல் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

ஆசிரியைகளோடு அமர்ந்து பேசினோம். பெற்றோரைக் கூட்டி அறிவுரை கூறுவதை நிறுத்தினோம். மாதம் ஒருமுறை, பீடிக் கடையில் கணக்குக் கொடுத்துத் தாய்மார் திரும்பிய பின், மாலை 7 மணிக்குப் பள்ளித் தாழ்வாரத்தில் கூடினோம். அங்குப் பேசியவர்கள் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயருகில் அமர்ந்து அம்மாதம் கற்ற ஒரு பத்தியை வாசித்தது. ஒரு கணக்கைச் செய்து காட்டியது. மற்ற நாள்களில் மாலைதோறும் ஒரு வரியோ ஒரு கணக்கோ வீட்டில் உரக்கச் சொல்வதற்காகக் கொடுத்தனுப்பினோம். வீட்டிலிருந்தும் ஒன்றைக் கேட்டு வரச் சொன்னோம்: பாட்டி அறிந்த ஒரு மூலிகையின் பெயர், ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்ற கணக்கு, ஊருணி வெட்டிய கதை. அவை மறுநாள் வகுப்பில் பாடமாயின.

எல்லாம் சீராயின என்று சொல்ல மாட்டோம். தந்தையர் வெகு சிலரே வந்தனர். இது கூடுதல் சுமை என்று ஆசிரியைகள் முதலில் வருந்தினர்; அது நியாயமே. வாசிக்க இயலாத பிள்ளைகள் தாயின் முன் வெட்கப்பட்டனர். அவர்களுக்குத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது ஒரே மாதத்தில் அத்தாழ்வாரத்தில் வெளிப்பட்டது. தேர்ச்சி அட்டை மூன்று ஆண்டுகள் மறைத்ததைத் தாயின் காது ஒரே மாலையில் கண்டுகொண்டது. அச்சிறுமியும் மெல்ல மெல்ல வாசிக்கக் கற்றாள். அவள் இழந்த ஆண்டுகள் நம் கணக்கில் கடனாகவே நிற்கின்றன.

மாறும் முறைகள், மாறாத தேவை

அதன் பின் கற்பித்தல் முறைகள் பலவாறு மாறின. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில் பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்றனர். நல்ல முறையே. ஆனால் அட்டைகள் வகுப்பறையிலேயே தங்கின. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது வீட்டுக்குத் தெரியவில்லை. பாடமே நடப்பதில்லையோ என்று பெற்றோர் பலர் நம்மிடமே வந்து கேட்டதுண்டு. முறை எவ்வளவு சிறந்ததாயினும் பெற்றோர்க்கு விளக்கப்படாவிட்டால் ஐயத்தையே விளைவிக்கும்.

2020-இல் கொள்ளைநோய் பள்ளிகளை மூடியது. பாடம் கைப்பேசி வழியாகவும் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. கைப்பேசி இல்லாத ஏழைப் பிள்ளைகள் பட்ட துயரை நாம் நேரில் கண்டோம். அத்துயரின் நடுவிலும் பெற்றோர் பலர் முதன்முறையாகத் தம் பிள்ளை கற்பதைத் தம் காதால் கேட்டனர். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் பிள்ளைகளைக் கூட்டினர். பாடம் மீண்டும் தெருவுக்குக் கேட்டது. இம்முறை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இடமிருந்தது.

நம் பள்ளிகளில் பணிபுரியும் குருக்களையும் அருட்சகோதரிகளையும் ஆசிரியப் பெருமக்களையும் ஒன்று வேண்டுகிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நிதியைப் பற்றிப் பேசுமுன், இந்த மாதம் மூன்றாம் வகுப்பு என்ன கற்றது என்பதை அவ்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே பெற்றோர்க்குக் காட்டுங்கள். பெற்றோரே, உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளை வாசிப்பதைக் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. தடுமாறினால் உங்களுக்கே தெரியும். மறுநாள் காலையில் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அவ்வாறு வருபவரைத் திருப்பி அனுப்பும் உரிமை எந்தத் தாளாளருக்கும் இல்லை.

இணைச்சட்ட நூலின் 6-ஆம் அதிகாரம், ஆண்டவரின் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இஸ்ரயேலரைப் பணிக்கிறது. கற்பிக்கும் இடம் அங்கே வீடும் வழியும்தான். லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் போதகர்களின் நடுவே அமர்ந்து கேட்டும் வினவியும் கொண்டிருப்பதைப் பெற்றோர் காண்கின்றனர். அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்று நற்செய்தியாளர் மறைக்காமல் எழுதுகிறார். ஆயினும் அன்னை மரியா அவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் பதித்து வைத்துக்கொண்டார். விளங்காவிட்டாலும் மரியா கேட்டார், கேட்டதைக் காத்தார். நம் ஊர்த் தாய்மாரும் அவ்வாறே கேட்கக் காத்திருக்கின்றனர். நாளை மாலை பள்ளி மணி அடிக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையின் நாவிலும் ஒரு வரியை வைத்து வீட்டுக்கு அனுப்புவோம்.